கேட்பவன் கடன்

1

ஐரோப்பாவில் இசைச் சுற்றுலா என்று ஒரு வியாபாரம் நெடுநாளாக நடந்துவருகிறது. அதற்குத் தலைநகர் வியன்னா. மோட்ஸார்ட் குடியிருந்த வீடு. பீத்தோவனும் ஷூபர்ட்டும் அடக்கமாகியிருக்கும் மத்திய மயானம். 1870இல் திறந்த, பொன்முலாம் பூசிய மூஸிக்ஃபெரைன் அரங்கம். 1869இல் மோட்ஸார்ட்டின் 'டான் ஜியோவானி'யுடன் தொடங்கி, 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்து, 1955இல் பீத்தோவனின் 'ஃபிடேலியோ'வுடன் மறுபடி கதவு திறந்த அரசு ஆப்பரா. தெருமுனைகளில் பதினெட்டாம் நூற்றாண்டுக் கோட்டும் பொய்முடியும் தரித்த இளைஞர்கள் டிக்கெட் விற்கிறார்கள். ஆப்பராவில் நின்று கேட்பதற்கென்று நூற்றுக்கணக்கான இடங்கள் உண்டு. சொற்பக் காசுதான். நிற்க வந்தவர் கம்பியில் தன் கழுத்துத் துணியைக் கட்டி இடம் பிடித்துவிட்டு வெளியே போய் வரலாம். துண்டு போட்டு இடம் பிடிப்பது நம்முடைய கண்டுபிடிப்பு மட்டுமல்ல என்பதில் ஓர் அற்ப ஆறுதல்.

சென்னையும் இந்த வரிசையில் சேர்ந்தாகிவிட்டது. 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சென்னையை இசைக்காகச் சேர்த்துக்கொண்டது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே டிசம்பர் மாதம் ஒரு யாத்திரைப் பருவமாகிவிட்டிருந்தது. கலிஃபோர்னியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் மயிலாப்பூரிலும் தி. நகரிலும் உறவினர் வீடுகளை நிரப்புகிறார்கள். காலையில் அகாடெமியில் சோதாகரண விளக்கம், மதியம் ஏதேனும் ஒரு சபாவில் இளைஞரின் இலவசக் கச்சேரி, இடையில் கான்டீனில் அடை அவியல், மாலையில் டிக்கெட்டு வாங்கிய பெரிய கச்சேரி. இந்த நிரலும் வியன்னாவின் நிரலும் அமைப்பில் வேறல்ல.

வந்து போகிறவனை ஏளனம் செய்வது உள்ளூர் ரசிகனின் பொழுதுபோக்கு. தவறான இடத்தில் கை தட்டுகிறான், தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகிறான் (உள்ளூர்க்காரனும்தான் போகிறான், காபி ஆறிவிடும் என்று), பாட்டைவிடப் புடவையைப் பார்க்கிறான் என்றெல்லாம். இந்த ஏளனத்துக்கு அடியில் ஒரு கொள்கை இருக்கிறது. இசை பிறந்த இடத்தில் பிறந்தவனே அதைக் கேட்கத் தகுதியுள்ளவன், மற்றவன் பார்வையாளன். இந்தக் கொள்கையைத்தான் முதலில் சோதிக்கவேண்டும்.

உள்ளூர் ரசிகனிடம் அப்படி என்ன சொத்து இருக்கிறது? பழக்கம் இருக்கிறது. ஆலாபனையின் முதல் பிடியிலேயே ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறான். இது திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் அடையாளம் காண்பது வேறு, கேட்பது வேறு. வங்கியில் காசோலைக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. நூற்றுக்கணக்கான கையெழுத்துகள் எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டவர்களைத் தெரியாது. ராகத்தின் பெயர் சொன்னதும் திருப்தியுற்று முதுகைச் சாய்த்துக்கொள்கிற ரசிகன் செய்வது பெரும்பாலும் இந்தக் கையெழுத்துச் சரிபார்ப்புதான். தனக்கு ஏற்கெனவே தெரிந்தது இன்றும் அப்படியே இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு வீடு திரும்புகிறான். சுற்றுலாப் பயணி புகைப்படத்தில் கண்டதை நேரில் கண்டு திருப்தியுறுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மறுபுறம், அந்நியக் காது நமக்குத் தந்ததைக் கணக்கெடுத்தால் கொள்கை இன்னும் ஆட்டம் காண்கிறது. கர்நாடகக் கச்சேரியில் பாடகனுக்கு அடுத்து உட்காரும் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதைக் கற்று நம் இசைக்கு வளைத்தவர்களில் முன்னோடி. தீட்சிதரே கோட்டையில் வாசித்த வெள்ளைக்காரர் வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சாகித்யம் செய்தார். அவர் அப்போது சுற்றுலாப் பயணியின் நிலையில்தான் இருந்தார். அந்த இசையின் மதம் தெரியாது, பாஷை தெரியாது, இடம் தெரியாது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து எதிர்த் திசையில் அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ் வந்தார். பாலசரஸ்வதியின் தம்பி விஸ்வநாதனிடம் கற்றார். 'பாகவதர்' என்ற பட்டம் கேலியாக அல்ல, மரியாதையாகவே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1984இல் அவர் இறந்தபோது துக்கப்பட்டவர்களில் மயிலாப்பூர்க்காரர்களும் இருந்தார்கள்.

ஆகவே கேட்பதற்குப் பிறப்புரிமை தேவையில்லை. ஊர்க்காரன், வெளியூர்க்காரன் என்ற பிரிவு கேள்வியின் மேல்தோல் மட்டுமே. இருவருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. இருவரிடமும் நகரம் தன் இசையை ஏற்கெனவே தேர்ந்தெடுத்து, துடைத்து, மேசைமேல் வைத்துத் தருகிறது. எது விலக்கப்பட்ட பிறகு இது மிஞ்சியது என்று இருவரும் கேட்பதில்லை. என் கேள்வி இங்கே தொடங்குகிறது: அழகு ஒன்றை அனுபவிப்பவன், அதற்கு விலை கொடுத்தவர்களுக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறானா? டிக்கெட்டு வாங்கியதோடு கணக்குத் தீர்ந்துவிட்டதா?

2

விலை என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஸ்தூலமாகச் சில உதாரணங்கள்.

ஜனவரி முதல் நாள் மூஸிக்ஃபெரைனில் வியன்னா ஃபில்ஹார்மானிக் நடத்தும் புத்தாண்டுக் கச்சேரியைத் தொலைக்காட்சியில் உலகமே பார்க்கிறது. அதற்கு ஓர் இடம் கிடைப்பது இசைச் சுற்றுலாவின் உச்சம். அந்தக் கச்சேரி பிறந்தது 1939 டிசம்பர் 31 அன்று, நாஜி ஆட்சியில். வசூல் அந்த ஆட்சியின் யுத்தகாலக் குளிர் நிவாரண நிதிக்குப் போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே வாத்தியக் குழுவின் யூத உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். சிலர் முகாம்களில் மாண்டார்கள். அன்று வாசித்ததும் இன்றும் பிரதானமாக வாசிப்பதும் ஸ்ட்ராஸ் குடும்பத்து இசை. அந்தக் குடும்பத்தின் முன்னோர் ஒருவர் யூதராகப் பிறந்தவர். அதை மறைக்க நாஜிகள் தேவாலயத்துப் பதிவேட்டையே திருத்தினார்கள். இசை தேவை, இசைத்தவன் வேண்டாம். மெட்டு தேவை, வம்சம் மட்டும் வேறாக இருக்கவேண்டும். இந்த மனோபாவத்தின் கலப்பற்ற வடிவம் இது. இதற்கு முன்பே, 1897இல், குஸ்தாவ் மாலர் அந்த ஆப்பராவுக்குத் தலைமை ஏற்குமுன் கத்தோலிக்கராக மாற வேண்டியிருந்தது.

நம் ஊருக்கு வருவோம். இரண்டு நிகழ்வுகளையும் ஒரே தராசில் வைக்கவில்லை. இங்கே கொலை இல்லை. ஆனால் இசை தேவை, இசைத்தவர் வேண்டாம் என்ற வாக்கியத்தின் மிருதுவான உச்சரிப்பு ஒன்று இங்கும் கேட்டது.

வீணை தனம்மாள் 1938இல் இறக்கும்வரை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் அவர் வாசிப்பதைக் கேட்கச் சங்கீதக்காரர்களே போய் உட்கார்ந்தார்கள். தேவதாசி மரபில் வந்த பெண்மணி அவர். பேத்திகள் பாலசரஸ்வதி, பிருந்தா, முக்தா. பதமும் ஜாவளியும் இன்று கச்சேரி மேடையில் உயிரோடு இருக்கின்றனவென்றால் இந்த ஒரு குடும்பத்தின் ஞாபகசக்தி அதற்குப் பெரும் காரணம். அடுத்த தலைமுறைப் பாடகர்கள் பலர் பிருந்தாவிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள்.

இதே காலத்தில்தான், 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸோடு இணைந்து நடந்த இசை மாநாட்டின் விளைவாக, 1928இல் மியூஸிக் அகாடெமி உருவாயிற்று. உருவாக்கியவர்கள் வக்கீல்கள், டாக்டர்கள். முதல் தலைவர் டாக்டர் யு. ராமராவ். கௌரவமான மனிதர்கள் குடும்பத்தோடு வந்து கேட்கும் இசை என்பது அவர்கள் லட்சியம். அகாடெமி 1931இல் தேவதாசி மரபுப் பெண்களின் சதிரை மேடையேற்றியது என்பதையும், பாலசரஸ்வதிக்கு 1973இலும் பிருந்தாவுக்கு 1976இலும் சங்கீத கலாநிதிப் பட்டம் தந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் 'கௌரவம்' என்ற சொல்லுக்குள் ஒரு வடிகட்டி இருந்தது. சதிர் பரதநாட்டியம் ஆயிற்று. வீடு சபா ஆயிற்று. கூடத்தின் நடுவில் இருந்த பெண், மேடைக்கு ஏறும் வழியில் எங்கோ தங்கிவிட்டாள். அவள் பாட்டு மட்டும் மேலே வந்தது.

இன்னோர் உதாரணம் நாகஸ்வரம். கச்சேரிப் பாட்டின் ராக ஆலாபனை இவ்வளவு விரிவு கொண்டதற்கு நாகஸ்வரக்காரர்களின் இரவுநேர வாசிப்பு ஒரு பெரிய ஊற்று. ஜி.என். பாலசுப்ரமணியத்தின் ஆலாபனையில் ராஜரத்தினம் பிள்ளையின் மூச்சு கேட்கிறது என்பதைப் பழைய ரசிகர்கள் ஒப்புக்கொள்வார்கள். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். சங்கீத கலாநிதிகள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. டிசம்பர் விழாவில் நாகஸ்வரத்துக்கு உரிய இடம் தொடக்க மங்கள இசை. அதாவது, வந்தவர்கள் நாற்காலி தேடிக்கொண்டிருக்கும் நேரம். கேட்க வேண்டிய இசையாக அல்லாமல், கேட்பதற்கு முன் நடக்க வேண்டிய சுபகாரியமாக அது வைக்கப்படுகிறது.

3

இதற்கெல்லாம் கேட்பவன் பொறுப்பாளியா?

இல்லை என்று சொல்லும் தரப்பு வலுவானது. அதன் தத்துவ ஆதாரம் காண்ட். 1790இல் எழுதிய நூலில், அழகு பற்றிய தீர்ப்பு எந்தப் பற்றும் பயனும் கலவாதது என்று நிறுவினார். ஒரு மாளிகையை அழகானது என்று சொல்வதற்கும் அதைக் கட்டியவர்களின் வியர்வை பற்றிக் கோபப்படுவதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். நம் சபா ரசிகன் காண்டைப் படித்ததில்லை. 'சங்கீதத்துல பாலிடிக்ஸ் எதுக்கு சார்?' என்று அவன் கேட்கும்போது காண்டைத்தான் பேசுகிறான்.

ஆனால் காண்ட் பேசியது தீர்ப்பின் தன்மையைப் பற்றி. தீர்ப்புச் சொல்பவன் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பதைப் பற்றியல்ல. மாளிகைக்குள் போகவே அனுமதியற்றவன் அதன் உட்கூரையின் அழகைப் பற்றிப் பற்றற்ற தீர்ப்பு எதுவும் சொல்ல முடியாது. பற்றின்மை என்பதே உள்ளே இருப்பவனுக்குக் கிடைக்கும் வசதி. இது காண்டின் வாதத்தைப் பொய்யாக்கவில்லை. அந்த வாதத்தால் கதவைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லமுடியாது என்று மட்டும் காட்டுகிறது.

எதிர்த் தரப்பின் பிரதிநிதி டால்ஸ்டாய். 1890களின் இறுதியில் வெளிவந்த 'கலை என்றால் என்ன?' என்ற நூலை அவர் ஓர் ஆப்பரா ஒத்திகையின் வர்ணனையோடு தொடங்குகிறார். மேடைக்குப் பின்னால் அழுக்கிலும் இருட்டிலும் உழைக்கும் தொழிலாளர்கள், கோஷ்டிப் பாடகர்களை வசைபாடும் இயக்குநர். இத்தனை மனிதர்களை நசுக்கிப் பெறும் இது எதற்காக, யாருக்காக என்று கேட்கிறார். சுற்றுலாப் பயணி காணாத ஆப்பரா அது. கேள்வி அபாரமானது. ஆனால் பதிலில் டால்ஸ்டாய் தன் கோபத்துக்கே பலியாகிறார். பீத்தோவனின் ஒன்பதாவது ஸிம்ஃபனியைத் தள்ளுகிறார். இரண்டு சிறுகதைகள் நீங்கலாகத் தன் சொந்தப் படைப்புகளையே தள்ளிவிடுகிறார். எல்லாருக்கும் எட்டாத கலை கலையே அல்ல என்கிறார்.

டால்ஸ்டாயின் வழியில் போனால் நமக்கு நேரும் விபத்தைப் பாருங்கள். அநீதியின் நிழல் விழுந்தது என்று பதத்தைக் கேட்க மறுக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு நஷ்டம்? தனம்மாளின் ஆகிருதி மேடையிலிருந்து ஒருமுறை அகற்றப்பட்டது. இப்போது அவர் ஞாபகத்தில் காத்துவைத்த பாட்டும் அகற்றப்படும். நீதிக்காக என்று சொல்லிக்கொண்டு, வஞ்சிக்கப்பட்டவளின் ஒரே ஆஸ்தியை எரிப்பது இது. ஆக, ரசனை குற்றமற்றது என்பதும் முடியவில்லை, ரசனையைத் துறப்பது நீதி என்பதும் முடியவில்லை.

மூன்றாவதாக ஒரு செய்கையை நம் ஊரிலேயே பார்த்தோம். 2015இல் டி.எம். கிருஷ்ணா டிசம்பர் ஸீஸனில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்தார். அதே ஆண்டு பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் குடியிருப்பின் நடுவே ஒரு விழா தொடங்கிற்று. அதை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். இது டால்ஸ்டாயின் துறவு அல்ல. கலையை விடவில்லை, கலை வைக்கப்பட்டிருந்த இடத்தை விட்டார். பின்னர் 2024இல் அகாடெமி அவருக்கு சங்கீத கலாநிதியை அறிவித்தபோது சங்கீத உலகம் இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அதே மேடையில் அவர் பாடினார். விட்டவர் திரும்பினாரே என்று கெக்கலிப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. ஒரு பாடகன் இடம் மாறலாம், அது அவன் கையில் இருக்கிறது. கேட்பவன் எங்கே மாறுவது? பாடுகிறவனின் நேர்மையைப் பற்றித் தமிழில் வேண்டியமட்டும் சர்ச்சை நடந்தாயிற்று. கேட்பவனின் நேர்மையைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் வேலையே இல்லை என்று நினைத்துவிட்டோம் போலும்.

4

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். வாங்கியதைத் திருப்ப வேண்டியது ஒன்று. செய்தே ஆகவேண்டிய கடமை மற்றொன்று. காலைக்கடன், நேர்த்திக்கடன், இறுதிக்கடன் என்னும்போது நாம் யாரிடமும் பணம் வாங்கியிருக்கவில்லை. வங்கியில் முதல் அர்த்தம் மட்டும்தான் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே கடனுக்கு ஒரு தொகை உண்டு, தவணை உண்டு, முடிவில் பாக்கியில்லை என்று ஒரு சான்றிதழும் உண்டு. இரண்டாவது அர்த்தத்திலான கடனுக்குச் சான்றிதழ் கிடையாது. நேற்றுச் செய்தாயிற்றே என்று இன்று காலைக்கடனை விட முடியாது.

ரசிகனின் கடனை முதல் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் உடனே முட்டிக்கொள்கிறோம். யாருக்குத் திருப்புவது? கொடுத்தவர் போய்விட்டார். வாரிசுகளுக்கா? பட்டம் கொடுத்தால் தீர்ந்ததா? சிக்கல் இன்னும் ஆழமானது. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர்களில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த முறைக்குள்ளிருந்து வந்தவர். 1936இல் அதைக் கண்டித்து நாவலே எழுதினார். முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் அந்தச் சமூகத்தவர். 1947இல் வந்த சட்டம் அந்தப் பெண்களுக்கு வெளியிலிருந்து விழுந்த இடி மட்டுமல்ல, அவர்களில் சிலர் கேட்டு வாங்கிய விடுதலையும்கூட. பாலசரஸ்வதியோ கடைசிவரை அந்த மரபின் கலையைத் தலைநிமிர்ந்து தூக்கிப்பிடித்தார். கடன் கொடுத்தவர்களே இரண்டு பக்கமும் நிற்கும்போது, 'பழைய பொற்காலத்தை மீட்போம்' என்ற ஏக்கம் கடனைத் தீர்க்காது. அது சுற்றுலா மனோபாவத்தின் இன்னொரு வகைதான்.

ஆகவே இரண்டாவது அர்த்தத்துக்குப் போகவேண்டும். நம் பழைய சாஸ்திரங்கள் ரிஷிகளுக்குப் பட்ட கடன் என்று ஒன்றைச் சொல்கின்றன. அதை ரிஷியிடம் திருப்பிக் கொடுப்பதில்லை. கற்பதால் தீர்க்கிறோம். இந்த யோசனை எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அதை முன்வைத்த சமூகம் ரிஷிகளின் பட்டியலில் ஒரு தாசியையோ நாகஸ்வரக்காரரையோ சேர்த்திராது. யோசனையை வைத்துக்கொண்டு பட்டியலைத் திருத்தவேண்டும்.

கற்பது என்பதற்கு இங்கே என்ன பொருள்? ஒரு பதம் பாடப்படுகிறது. க்ஷேத்ரய்யாவுடையது. கச்சேரியின் கடைசிப் பகுதி, கூட்டம் தளர்ந்திருக்கிறது, அரைக் கண் மூடி 'பக்தி' என்று நினைத்துக்கொண்டு கேட்கிறோம். அந்தப் பதத்தில் பேசுகிறவள் ஒரு பெண், பல பதங்களில் ஒரு கணிகை. அவள் கேலி செய்கிறாள், பேரம் பேசுகிறாள், கையில் காசில்லாமல் வந்தவனை வாசலிலேயே நிறுத்துகிறாள். வந்தவன் தெய்வம். ஏ.கே. ராமானுஜன், வேல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன் மூவரும் 1994இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நூலின் தலைப்பே கடவுளை வாடிக்கையாளராகக் காட்டுகிறது. பதத்தின் அந்த நிதானமான காலப்பிரமாணம் வெறும் சோகம் அல்ல. அவசரப்படத் தேவையில்லாத ஒருத்தியின் அதிகாரமும் அதில் இருக்கிறது. இதைத் தெரியாமல் கேட்பவன் ஒழுக்கத்தில் தவறியதோடு நிற்கவில்லை. அவன் பாட்டையே தவறாகக் கேட்டிருக்கிறான். அந்தப் பெண்ணை வெளியேற்றியவர்கள் பாட்டின் ஒரு பரிமாணத்தையும் அவளோடு வெளியேற்றினார்கள். அவளைத் திரும்ப நினைவில் வைக்காமல் அந்தப் பரிமாணம் காதில் விழாது. நீதியும் ரசனையும் இங்கே இரண்டு தனித்தனிக் கணக்குகள் அல்ல.

ஒரு ஆட்சேபணை எழலாம், அது நியாயமானது. 1939ஐத் தெரிந்துகொண்ட பிறகு ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் வேறு மாதிரியா கேட்கிறது? இல்லை. ஸ்வரம் ஒன்றுகூட மாறவில்லை. அந்த அநீதி அந்த இசையின் உடலுக்குள் நுழையவில்லை, பக்கத்தில் நின்றது. பதத்தில் நடந்தது வேறு. அங்கே யார் பாடலாம், யாரைப் பார்த்து, எந்த முகத்தோடு என்பதே மாறியதால் இசையின் அர்த்தமே மாறிற்று. எனவே கடன் இரு வகை. இசைக்குள் நுழைந்த அநீதிக்குக் காதால் கடன் தீர்க்கலாம். வெளியே நின்ற அநீதிக்குக் காது போதாது; பதிவேட்டைத் திறக்கத்தான் வேண்டும். வியன்னா ஃபில்ஹார்மானிக் 2013இல் வரலாற்றாசிரியர்களை நியமித்து நாஜி காலத்துத் தன் கணக்கை வெளியிட்டது. தாமதம்தான், எழுபது வருஷத் தாமதம். ஆனால் திறந்தது. நம் சபாக்களின் நூற்றாண்டு மலர்களை எடுத்துப் பாருங்கள். புரவலர் புகைப்படங்களுக்குப் பஞ்சமிருக்காது.

5

ஐரோப்பிய ஆப்பராவுக்கு நம்மிடம் நேர் சமமான ஒன்றில்லை. மிக நெருங்கி வருவது கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'. 1860களின் தொடக்கத்தில் அச்சாயிற்று. பெரிய புராணத்தில் சில பாடல்களில் முடிந்துபோகும் கதையில், பாரதி வேதியர் என்ற மிராசுதாரை நுழைத்தார். நந்தன் தில்லைக்குப் போக விடுமுறை கேட்கும் பண்ணையாள் ஆனான். பக்திக் கதை கூலிக் கதையாயிற்று. பெரும் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதற்குச் சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார், இலக்கணப் பிழைகள் என்று. பாரதி பாடக் கேட்டபிறகே இசைந்தார். உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். அதை அச்சுக்குக் கொண்டுவர உதவியவர் காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி. வந்து போகிற காது எதைக் கேட்டது, ஊரில் இருந்த காது எதில் தடுக்கிற்று என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதில் மாஞ்சி ராகத்தில் ஒரு கீர்த்தனை உண்டு. உள்ளே வரலாமா என்று நந்தன் கேட்கிறான். அவ்வளவுதான் விஷயம். சபாக்களில் இதை அடிக்கடி பாடுகிறார்கள், உருகிப் பாடுகிறார்கள். கூடமும் உருகுகிறது. கைக்குட்டைகள் வெளிவருகின்றன. கேள்வி மட்டும் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. தில்லைக் கதவு பற்றிய பழங்கேள்வி அது, 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டத்தோடு பதில் கிடைத்தாயிற்று என்று நினைப்பு. (அதே ஆண்டில்தான் தேவதாசிச் சட்டமும். ஒரு சட்டம் சிலரைக் கோயிலுக்குள் விட்டது, இன்னொன்று வேறு சிலரைக் கோயிலிலிருந்து விடுவித்தது.) ஆனால் பாட்டு நம் முன்னால் பாடப்படும் கணத்தில் வாசல் தில்லையில் இல்லை. டிக்கெட்டு கிழிக்கிறவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. நந்தன் கேட்பது நடராஜனை மட்டுமல்ல.

அந்தக் கண்ணீர் போலி என்று நான் சொல்லவில்லை. உண்மையான கண்ணீர்தான். ஆனால் பதில் சொல்லவேண்டிய இடத்தில் அழுதுவிடுவது, பதில் சொல்லாமல் தப்பிக்கும் வழிகளில் மிகச் சுகமானது.

நாற்காலியில் இருந்தபடி என்ன பதில் சொல்லலாம்? பெரிதாக எதுவும் இல்லை. எந்தப் பாடாந்தரம், யாரிடமிருந்து வந்தது என்று பாடுகிறவரைக் கேட்கலாம். ராகம், தாளம், இயற்றியவர் என்று அறிவிக்கிறார்கள். நடுவில் அதைச் சுமந்துவந்தவர் பெயரையும் அறிவிக்கச் சொல்லலாம். நாகஸ்வரம் வாசிக்கும்போது நாற்காலி தேடாமல், முன்பே வந்து உட்கார்ந்திருக்கலாம். பங்குனியில் அறுபத்துமூவர் புறப்பாட்டின்போது கபாலீஸ்வரர் மாடவீதியில், பாபநாசம் சிவன் மார்கழிக் காலைகளில் பஜனை பாடிப்போன அதே வீதியில், டிக்கெட்டில்லாமல் நின்று கேட்கிறவர்களோடு நின்று கேட்கலாம். காதுக்கு வழக்கமான நாற்காலி இல்லாதபோது என்ன ஆகிறது என்று பார்க்கலாம். சபாவின் பொதுக்குழுவில் கையில் பஜ்ஜியோடு வரவுசெலவை ஒப்புதல் செய்யும் உறுப்பினர்கள், அந்த ஒரு நாளாவது, யாரெல்லாம் வரவில்லை, ஏன் என்று கேட்கலாம். இதெல்லாம் செய்தால் கடன் தீருமா என்றால், தீராது. நாளைக் காலையும் செய்யவேண்டும்.

இந்த இடத்தில் சுற்றுலாப் பயணி எனக்கு அவ்வளவு ஏளனமாகத் தெரியவில்லை. தான் விருந்தாளி என்பது அவனுக்குத் தெரியும். அந்நிய வீட்டில் உண்கிறோம் என்ற கூச்சம் அவனிடம் கொஞ்சம் இருக்கிறது. இது யார் சமைத்தது என்று கேட்கவும் செய்கிறான், தப்பான உச்சரிப்பிலாவது. வீட்டுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிற நாமும் இந்த இசைக்கு விருந்தாளிகள்தான். சமைத்தவர்கள் வேறு. அவர்களில் பலர் இந்தப் பந்தியில் உட்கார்ந்ததில்லை.